இலண்டனின் திண்ணை
குரோய்டன் நகரின் கதை

யூபிலி மலர் என்றால் அதில் ஊர் வரலாறு இருக்கும். ஆலய வரலாறு இருக்கும். பங்கை நடத்திய குருக்களின் வரிசை இருக்கும். அவற்றை எழுதத் தக்கவர்கள் எழுதியுள்ளனர். நாம் எடுத்துக்கொண்டது வேறோர் ஊரின் கதை. ஏறக்குறைய ஐயாயிரம் மைலுக்கு அப்பால், இலண்டன் மாநகரின் தென் எல்லையில் உள்ள குரோய்டன் என்னும் ஊர் அது. 'நமக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்?' என்று வாசகர் கேட்பது நியாயமே. சம்பந்தம் உண்டு, ஒன்றுக்கு இரண்டாகவே உண்டு. படித்துக்கொண்டு வந்தால் அது தானே விளங்கும்.

இலண்டனின் நடுவிலிருந்து தெற்கே ஒன்பது, பத்து மைல் சென்றால் குரோய்டன். 2021ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அந்நகராட்சியின் எல்லைக்குள் வாழ்வோர் 3,90,000க்குச் சற்று மேல். பெரிய இலண்டனைச் சேர்ந்த 32 நகராட்சிகளில் அக்கணக்கில் முதலிடம் பெற்றது இதுவே. ஆயினும் அதற்கு மாநகர் என்னும் பட்டம் இல்லை. இங்கிலாந்தில் ஊர் பெருத்துவிட்டால் மட்டும் மாநகர் ஆகிவிடாது. அதற்கு அரச ஆணை வேண்டும். பழைய பேராலயம் இருக்கிற காரணத்தால் வெல்ஸ், ஈலி போன்ற சிற்றூர்கள்கூட அங்கே மாநகர் எனப்படுகின்றன. குரோய்டனோ 1954 தொடங்கி 2012 வரை பன்முறை விண்ணப்பித்தது. ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு திரும்பியது. 1965ல் மறுத்தபோது அரசு தரப்பில் கூறிய காரணம் கவனிக்கத்தக்கது. ஊர் நிர்வாகத்தின் பழைய பெயர் நல்ல பெயரே. ஆனால் இன்று அது இலண்டன் பரப்பில் ஒரு துண்டு, பக்கத்துத் துண்டுகளினின்று வேறு பிரித்துக் காண்பது அரிது என்றார்கள்.

வேறு பிரித்துக் காண இயலாத ஊரா அது? இல்லை என்பதே நம் கருத்து. நம் நாட்டுப் பழைய வீடுகளில் தெருவைப் பார்த்தபடி திண்ணை இருக்கும். வழிப்போக்கன் உட்காருவான், மூட்டையை இறக்குவான், இரவு தங்கிப் போவதும் உண்டு. வீட்டுக்காரர் மதிப்பு கூடத்தைப் பொறுத்தது. வீட்டின் குணம் தெரிவது திண்ணையில். இலண்டன் என்னும் வீட்டுக்குக் குரோய்டன் அப்படியொரு திண்ணையாக இருந்து வந்திருக்கிறது.

பேராயர்களின் ஊர்

குரோய்டன் என்ற பெயருக்குக் குங்குமப்பூ வகைச் செடி மலியும் பள்ளத்தாக்கு என்று பொருள் சொல்வர். இங்கிலாந்தை வென்ற வில்லியம் அரசன் 1086ல் எடுத்த பெருங்கணக்கில் இவ்வூர் கண்டர்பரிப் பேராயர் லான்பிராங்கின் உடைமையாகப் பதிவாகியுள்ளது. ஓர் ஆலயம், ஒரு மாவாலை, இருநூறு பன்றிகள் மேயக்கூடிய காடு எனக் கணக்கு சொல்கிறது. அந்தக் கண்டர்பரிப் பேராயர்கள் அடுத்த எழுநூறு ஆண்டுக் காலம் இந்த ஊரை விடவில்லை. இலண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் அவர்களுக்கு இலம்பெத் அரண்மனை உண்டு. அங்கிருந்து குதிரையேறினால் பொழுது சாயுமுன் குரோய்டன் வந்து சேரலாம். ஆகவே வாண்டில் என்னும் சிற்றாற்றின் ஊற்றுக்கண்கள் அருகே தமக்கு ஒரு மனை கட்டிக்கொண்டனர். பதினைந்தாம் நூற்றாண்டில் எழுந்த அதன் பெருமண்டபம் இன்றும் மரக்கூரையோடு நிற்கிறது. அரசர்களும் அரசியரும் வந்து தங்கிய மனை அது.

1276ஆம் ஆண்டு, பேராயர் இராபர்ட் கில்வார்ட்பி அரசரிடம் சாசனம் பெற்று இங்கே வாரச்சந்தை ஏற்படுத்தினார். இவர் புனித சாமிநாதர் சபைத் துறவி. பின்னர் கர்தினாலாகவும் உயர்த்தப்பட்டவர். ஒரு துறவி வைத்த சந்தை சர்ரி தெரு என்னும் சரிவான சந்தில் இக்காலம் வரை நடந்து வந்திருக்கிறது.

அந்நாளில் ஊருக்கு வடக்கே அடர்ந்த காடு. வட காடு என்ற பொருள்படும் அதன் பெயரே பின்னாளில் நார்வுட் எனச் சுருங்கிற்று. அக்காட்டில் கரிமூட்டம் போட்டு, கழுதை மீதும் வண்டியிலும் ஏற்றி, இலண்டன் அடுப்புகளுக்குக் கொண்டுபோய் விற்பவர் குரோய்டன்காரர். முகத்திலும் உடையிலும் கரி அப்பிய இந்தக் கரிக்காரர்களைப் பட்டணத்தார் நாடக மேடையில்கூடக் கேலி செய்தனர். பட்டணத்தின் அடுப்பு எரிய உழைத்து, பட்டணத்தாரின் ஏச்சையும் வாங்கிக்கொள்ளும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது போலும்.

பதினாறாம் நூற்றாண்டின் சமயப் பிரிவினையை நாம் இங்கே விரிக்கவில்லை. கடைசிக் கத்தோலிக்கக் கண்டர்பரிப் பேராயரான கர்தினால் போல் 1558ல் காலமானார். அதன்பின் வந்தோர் எலிசபெத் அரசியின் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். அவர்களில் ஒருவரான ஜான் விட்கிப்ட் இவ்வூர் வரலாற்றில் தவிர்க்க முடியாத மனிதர். நமக்கு அவர் இனிய பெயரன்று. அவர் அரசியின் ஆலோசனைச் சபையில் அமர்ந்திருந்த ஆண்டுகளில்தான் நம் குருக்கள் பலர் தூக்கு மேடை ஏறினர். ஆனாலும் நல்லதை நல்லது என்று சொல்லாமல் விட்டால் அது வரலாறாகாது. 1596ல் அவர் ஊரின் நடுச்சந்தியில் ஏழை முதியோருக்காகத் திரித்துவ இல்லம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். 1599ல் அது நிறைவெய்தியது. செங்கல் கட்டிடம், நடுவில் முற்றம், சுற்றிலும் சிறு சிறு அறைகள், ஒரு சிற்றாலயம். வாயிலின் மேல் ஏழைக்கு ஈவதைப் பற்றிய நீதிமொழிகள் ஆகம வசனம் இலத்தீனில் பொறிக்கப்பட்டுள்ளது. கூடவே ஒரு பள்ளியும் வைத்தார். 1604ல் இறந்து, ஊர்க் கோவிலிலேயே அடக்கமானார். அக்கோவிலில் அடக்கமான பேராயர்கள் மொத்தம் அறுவர். 1867ல் தீப்பிடித்து எரிந்து, மறுபடி கட்டப்பெற்ற கோவில் அது.

இந்த முதியோர் இல்லத்தின் பிற்காலக் கதையும் கேளுங்கள். இருபதாம் நூற்றாண்டு பிறந்தது, டிராம் வந்தது, தெரு போதவில்லை. 'மூலையை அடைத்துக்கொண்டு நிற்கும் இந்தக் கிழக் கட்டிடத்தை இடித்தால் சாலை அகலமாகும்' என்று நகரசபையில் பேச்சு எழுந்தது. ஆண்டுக்கணக்காக வழக்கும் வாதமும் நடந்து, 1923ல் பிரபுக்கள் சபை தலையிட்ட பிறகே இடிப்பு நின்றது. இன்றும் அந்தச் சந்திப்பில் டிராம் வண்டி அதன் மதிலை உரசாத குறையாக வளைந்து போகிறது. பேராயர்களின் மனைக்கு அத்தனை யோகம் இல்லை. பள்ளத்தில் கட்டியதால் ஈரம் ஏறி நோய் தருகிறது என்ற குறை பழையது. 1780ல் அதை விற்றுவிட்டு, பின்னர் அருகிலுள்ள ஆடிங்டன் மேட்டுக்குக் குடிபோனார்கள். விற்ற மனை துணிக்கு அச்சிடும் ஆலையாயிற்று. அச்சிட்ட துணி 'காலிகோ'. நம் கோழிக்கோட்டின் பெயரைக் கொண்டது! 1889ல் அது பெண்கள் பள்ளியாயிற்று. அப்பள்ளியும் 2025ல் மூடப்பட்டது.

இரும்புப் பாதை

இரயில் என்றால் நீராவி என்றே நாம் எண்ணுகிறோம். நீராவி வருமுன்னே, 1803 ஜூலையில், வாண்ட்ஸ்வொர்த்திலிருந்து குரோய்டனுக்கு ஒன்பது மைல் தூரம் 'சர்ரி இரும்புப் பாதை' திறக்கப்பட்டது. நாடாளுமன்றச் சட்டத்தின் அனுமதியுடன் சரக்குக்காக அமைந்த முதற்பொதுப் பாதை இது எனலாம். இழுத்தவை குதிரைகள். கம்பெனிக்குச் சொந்தம் பாதை மட்டுமே. சுங்கம் கட்டியவர் யாரும் தம் வண்டியைத் தம் குதிரையைப் பூட்டி ஓட்டிக்கொள்ளலாம். நம் சுங்கச்சாவடிச் சாலை போலத்தான். 1809ல் ஒரு கால்வாய் வெட்டினார்கள், அது தேறவில்லை. 1836ல் மூடிய அக்கால்வாயின் தடத்திலேயே 1839ல் இரயில் வந்தது. படகுகள் நின்ற குட்டைதான் இன்றைய மேற்குக் குரோய்டன் நிலையம். 1846ல், எஞ்சினே இல்லாமல், குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி அதன் வலியால் வண்டியை இழுக்கும் ஒரு முறையையும் சோதித்துப் பார்த்தனர். குழாயை அடைத்த தோல் பட்டை சரியாக அடைபடவில்லை. அடுத்த ஆண்டே கைவிட்டனர். புதியது எது வந்தாலும் முதலில் தன் முதுகில் ஏற்றிப் பார்ப்பது இவ்வூரின் சுபாவம்.

அணை கட்டியவர்களின் பள்ளி

இனி நம் சம்பந்தத்துக்கு வருவோம்.

குரோய்டனின் ஒரு பகுதி ஆடிஸ்கம். 1809ல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே ஒரு மாளிகையை வாங்கி, தன் படையின் பீரங்கிப் பிரிவுக்கும் பொறியியல் பிரிவுக்கும் அதிகாரிகளைப் பழக்கும் கல்லூரி வைத்தது. பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்கள் சேர்வர். கணக்கு, கோட்டைக் கட்டு, நில அளவை, வரைபடம் இவற்றோடு இந்துஸ்தானியும் கற்பர். பின் கப்பலேறி வங்காளத்துக்கோ பம்பாய்க்கோ சென்னைக்கோ வருவர். அரை நூற்றாண்டில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர் அங்கே பயின்றனர்.

1818ல் சேர்ந்த பையன் ஒருவன் பெயர் ஆர்தர் காட்டன். 1821ல் சென்னை வந்தான். அக்காலத்தில் தஞ்சைத் தரணிக்கு ஒரு பெருங்கேடு நேர்ந்துகொண்டிருந்தது. காவிரி, முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறதல்லவா? பள்ளமான கொள்ளிடத்துக்கே தண்ணீர் ஓடி ஓடி, காவிரிப் படுகை மேடிட்டு, வயல்கள் காய்ந்தன. கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டி நீரைத் திருப்பினாலன்றி வழியில்லை. ஆனால் ஆழம் காணாத மணலில் அணைக்கு அடித்தளம் போடுவது எப்படி? ஆடிஸ்கம் பாடப்புத்தகத்தில் அதற்கு விடை இல்லை. விடை கல்லணையில் இருந்தது. பல நூற்றாண்டுகளுக்கு முன் தமிழன் ஆற்று மணலில் போட்டுவைத்த கல்லையும், அதன் அமைப்பையும் காட்டன் ஆராய்ந்தார். இம்மண்ணின் பழைய மக்களிடமே அவ்வித்தையைக் கற்றதாக அவர் பிற்காலத்தில் எழுதியும் வைத்தார். 1836ல் முக்கொம்பில் மேலணையும், கீழே அணைக்கரையில் கீழணையும் எழுந்தன. அதே வித்தையைக் கொண்டுபோய்த்தான் 1847க்கும் 1852க்கும் இடையே கோதாவரியில் தௌலேஸ்வரம் அணையைக் கட்டினார். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் சரிந்தபோதுதான், இத்தனை காலம் எதன் தயவில் பயிர் செய்தோம் என்பது பலருக்கு நினைவு வந்தது.

இரண்டாமவர் பெயரைச் சொன்னால் தேனி, மதுரைப் பக்கத்தார் எழுந்து நிற்பர். ஜான் பென்னிகுயிக். 1841ல் புனேயில் பிறந்தவர். அவரும் ஆடிஸ்கம் கல்லூரியில் பயின்றவர். 1860ல் இந்தியா வந்தார். மேற்கே ஓடி அரபிக் கடலில் வீணாகும் பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைக்குத் திருப்ப வேண்டும் என்பது திட்டம். 1887ல் தொடங்கிய வேலை காட்டு வெள்ளத்தையும் காய்ச்சலையும் எதிர்த்து நடந்தது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் சேர்த்துக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895ல் நிறைவேறியது. மடிந்த கூலியாட்கள் பலர். அவர்களுடைய கல்லறைகளை அணைப் பக்கம் போனவர்கள் கண்டிருப்பர். ஒவ்வொரு ஜனவரி 15ஆம் நாளும் பென்னிகுயிக் பிறந்த நாளன்று கம்பம் பள்ளத்தாக்கில் பொங்கல் வைக்கிறார்கள். கூடலூர் அருகே லோயர் கேம்ப்பில் 2013ல் மணிமண்டபம் திறக்கப்பட்டது. 2022ல் இங்கிலாந்தின் கேம்பர்லி ஊரில் தமிழக அரசு அவருக்குச் சிலை வைத்தது.

ஆகவே காவிரித் தண்ணீரிலும் வைகைத் தண்ணீரிலும் விளைந்த சோற்றில், குரோய்டன் வகுப்பறை ஒன்றில் கற்ற கணக்கும் ஒரு பங்கு கலந்திருக்கிறது. நன்றி சொல்ல வேண்டியதே. அதற்காக, கம்பெனி அக்கல்லூரியை அணை கட்டவா வைத்தது என்றால், இல்லை. பீரங்கி சுடவும் கோட்டை பிடிக்கவும் நம் நாட்டைக் கைக்குள் வைத்திருக்கவுமே வைத்தது. அணைகள் எழுந்ததற்கும் வரி வசூலுக்கும் உள்ள உறவை நாம் அறியாதவரல்லர். 1857க்குப் பின் கம்பெனி ஆட்சி ஒழிந்தது. 1861ல் கல்லூரியும் மூடப்பட்டது. கட்டிடங்களை இடித்துத் தெருக்கள் போட்டனர். அவற்றுக்கு அவுட்ராம் சாலை, ஹாவ்லக் சாலை, கேனிங் சாலை, எல்ஜின் சாலை, கிளைடு சாலை என்று பெயர். எல்லாம் 1857 கிளர்ச்சியை அடக்கிய, அல்லது அதை அடுத்து நம்மை ஆண்டவர்களின் பெயர்கள். அணை கட்டியவர் இருவர் பெயரும் அந்த வரிசையில் இல்லை! மிஞ்சியவற்றுள் ஹாவ்லக் சாலையில் உள்ள பழைய உடற்பயிற்சிக் கூடம் ஒன்று.

நீரும் நோயும்

1801ல் ஆறாயிரம் பேர்கூட இல்லாத ஊர், 1901ல் 1,33,895 பேரைக் கொண்டதாயிற்று. காரணம் இரயிலே. பட்டணத்தில் வேலை, குரோய்டனில் வீடு, முன்னே ஒரு சாண் பூந்தோட்டம், காலை வண்டியில் போய் மாலை வண்டியில் திரும்புதல் என்னும் வாழ்வு அங்கே வேரூன்றியது. 1883ல் நகரசபை அந்தஸ்து கிடைத்தது. வாண்டில் ஆற்றின் தலைப்பகுதி சாக்கடையாகிப் பின் மூடப்பட்டுத் தெருவுக்கடியில் போயிற்று.

நீர் விஷயத்தில் இவ்வூர் பட்ட பாடு இரண்டாவது முறை கொடியது. 1937ன் இறுதியில் ஊரில் டைபாய்டு காய்ச்சல் பரவியது. 341 பேர் நோயுற்றனர். 43 பேர் மாண்டனர். விசாரித்தபோது வெளிவந்தது இது: ஆடிங்டன் கிணற்றில் ஆட்கள் இறங்கி வேலை செய்தனர். அவர்களில் ஒருவர் தாமறியாமலே நோய்க்கிருமியைச் சுமந்தவர். அதே நாட்களில் அந்தக் கிணற்று நீரை, வடிகட்டாமலும் குளோரின் கலக்காமலும் ஊருக்கு விட்டிருந்தனர். மருந்தும் இருந்தது, எந்திரமும் இருந்தது. ஒரு துறை செய்வதை மறு துறைக்குச் சொல்லவில்லை. மேல்நிலைத் தொட்டி வைத்துள்ள எல்லா ஊராரும் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி என்பதால் இதனைச் சற்று விளக்கமாக எழுதினோம்.

இந்தப் புறநகர்த் தெருக்களில்தான் சாமுவேல் கோல்ரிட்ஜ் டெய்லர் வளர்ந்தார். தந்தை ஆப்பிரிக்காவின் சியரா லியோனைச் சேர்ந்த மருத்துவர், தாய் ஆங்கிலேயர். பிள்ளைக்குத் தந்தையின் முகம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. வயலினும் பாட்டும் கற்று, 1898ல் 'ஹயவாத்தாவின் திருமண விருந்து' என்னும் இசைப் படைப்பை அளித்தார். இங்கிலாந்தின் பாடகர் குழுக்கள் எல்லாம் அதைப் பாடின. அச்சுப் பிரதிகள் இலட்சக்கணக்கில் விற்றன. அவருக்குக் கிடைத்ததோ பதினைந்து கினி. உரிமையை அடியோடு விற்றுவிட்டார் பாவம். 1912ல் மேற்குக் குரோய்டன் நிலையத்தில் மயங்கி விழுந்து, சில நாளில் 37 வயதில் காலமானார். இசை அமைத்தவர்க்கு உரிமைத் தொகை வசூலித்துக் கொடுக்கும் சங்கம் 1914ல் இங்கிலாந்தில் ஏற்பட்டதற்கு அவர் கதையும் ஒரு தூண்டுதல் என்பர்.

ஆகாய வாசல்

முதல் மகாயுத்தத்தில், 1915ல், ஜெர்மானிய ஆகாயக் கப்பல்களை எதிர்க்க ஊருக்கு மேற்கே ஒரு விமானத் திடல் அமைந்தது. 1920 மார்ச்சு 29 முதல் அதுவே இலண்டனுக்குரிய சுங்க விமான நிலையமாயிற்று. ஹீத்ரோ பெயரை உலகம் கேளாத காலம் அது. மன்னர்களும் நடிகர்களும் மந்திரிகளும் குரோய்டன் புல்தரையில்தான் வந்திறங்கினர். 1927 மே மாதம் அட்லாண்டிக் கடலைத் தனியே கடந்த லிண்ட்பெர்க் வந்தபோது இலட்சம் பேர் திரண்டனர். 1930 மே 5ஆம் நாள் ஏமி ஜான்சன் என்ற இளம்பெண் தன்னந்தனியே சிறு விமானத்தில் இங்கிருந்து கிளம்பி, மே 24ல் ஆஸ்திரேலியாவின் டார்வினில் இறங்கினார்.

ஆபத்தில் சிக்கிய விமானி 'மே டே, மே டே' என்று கூவுவது உலக வழக்கு. அச்சொல் பிறந்ததும் இவ்விடமே. பாரிசுக்கும் குரோய்டனுக்கும் இடையே விமானங்கள் மிகுந்திருந்ததால், இரு நாட்டாருக்கும் விளங்கும் சொல் ஒன்று தேவைப்பட்டது. 'எனக்கு உதவுங்கள்' என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஓசையைக் கொண்டு, வானொலி அதிகாரி பிரெடரிக் ஸ்டான்லி மாக்போர்டு 1920களின் தொடக்கத்தில் அதை அமைத்தார். 1929 மார்ச்சில் இந்தியாவுக்கு விமானத் தபால் தொடங்கியதும் குரோய்டனிலிருந்துதான். கொஞ்சம் விமானம், கொஞ்சம் இரயில், கொஞ்சம் கடல் விமானம் என்று மாறி மாறிக் கராச்சி சேர ஏழு நாள் ஆகும். கப்பல் தபாலுக்கு வாரக்கணக்கில் காத்திருந்த தலைமுறைக்கு அது அற்புதம்.

திண்ணையில் இருப்பவனுக்குத்தான் முதல் அடியும் விழும். 1940 ஆகஸ்டு 15 மாலை, இலண்டன் பகுதியின் மேல் நடந்த முதற்பெருந் தாக்குதல் குரோய்டன் விமான நிலையத்தின் மேலேயே நடந்தது. பக்கத்துத் தொழிற்சாலைகளில் இருந்தவர்களுட்பட அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1944ல் ஆளில்லாப் பறக்கும் குண்டுகள் வந்தபோது, இலண்டன் பகுதி நகராட்சிகளில் மிகுதியாக அடிபட்டதும் இதுவே. 141 குண்டுகள் விழுந்தன. போர் முடிந்தபின் பெரிய விமானங்களுக்கு அந்தத் திடல் போதவில்லை. சுற்றிலும் வீடுகள். 1959 செப்டம்பர் 30ல் நிலையம் மூடப்பட்டது. 1928ல் கட்டிய நிலையக் கட்டிடம் மட்டும் சாலையோரம் நிற்கிறது.

கண்ணாடி மாடிகள்

விமானம் போனதும் ஊர் அடுத்த வாகனத்தில் ஏறியது. இலண்டனின் நடுவே அலுவலகங்கள் பெருகி மூச்சு முட்டிய காலம். 1956ல் தனிச் சட்டம் பெற்று, நகரசபை நிலங்களை எடுத்து, அகன்ற சாலை போட்டு, 'இங்கே வாருங்கள்' என்று கம்பெனிகளை அழைத்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மாடிக் கட்டிடங்கள் காடாக முளைத்தன. 1962ல் பேர்பீல்டு இசை மண்டபம் திறந்தது. விட்கிப்ட் வைத்த அறக்கட்டளையின் பள்ளி ஒன்று நின்ற இடத்தில் பெரிய அங்காடி எழுந்தது. பள்ளி ஊர்ப்புறம் போயிற்று. 1970ல் முடிந்த எண்கோணக் கோபுரம் ஒன்றை ஐம்பது பென்னி நாணயங்களை அடுக்கியது போலிருக்கிறது என்று மக்கள் இன்றும் சிரிக்கின்றனர். வேலை கிடைத்தது உண்மை. மனிதர் தெருவைக் கடக்கச் சுரங்கத்தில் இறங்கி ஏற வேண்டியதாயிற்று என்பதும் உண்மை.

மனிதன் சந்திரனில் காலடி வைத்த நாட்களில் எழுந்த இரு கட்டிடங்களுக்கு லூனார் ஹவுஸ், அப்பல்லோ ஹவுஸ் என்று பெயரிட்டனர். இருபது மாடி லூனார் ஹவுஸை, அதாவது சந்திர மாளிகையை, பிரித்தானிய உள்துறையின் குடிவரவு அலுவலகம் எடுத்துக்கொண்டது. நமக்கும் அவ்வூருக்கும் உள்ள இரண்டாவது சம்பந்தம் இது.

1983 ஜூலைக்குப் பின் இலங்கையிலிருந்து உயிர் தப்பி ஓடிய தமிழர் ஆயிரமாயிரம் பேர் இலண்டன் சேர்ந்தனர். அவர்களுடைய கோப்புகள் போய்ச் சேர்ந்த இடம் குரோய்டன். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மன்னாரிலும் கடிதம் எதிர்பார்த்திருந்த தாய்மாருக்கு, இலண்டன் கோபுரமும் தெரியாது, அரண்மனையும் தெரியாது. 'குரோய்டன்' என்ற பெயர் தெரியும். விடியுமுன் குளிரில் வரிசை நிற்பது, பெயர் சொல்லக் கேட்டு உள்ளே போவது, மொழிபெயர்ப்பாளர் மூலம் பட்டதைச் சொல்வது, பிறகு 'பதில் வரும்' என்ற ஒரு சொல்லோடு ஆண்டுக்கணக்காகக் காத்திருப்பது. ஒருவருக்கு அந்தக் கதவு திறந்தது. அவரோடு வந்த இன்னொருவருக்கு மூடியது. ஆடிஸ்கத்திலிருந்து புறப்பட்டவன் நம் நாட்டுக்குள் நுழைய எவர் அனுமதியும் கேட்கவில்லை. நூற்றிருபது ஆண்டு கழித்து அதே ஊரில் நம் மொழி பேசுகிறவன் காகிதத்தைக் கையில் ஏந்தி நின்றான். இரண்டு இடத்துக்கும் நடுவே தூரம் ஒரு மைலுக்குச் சற்று முன்பின்னாகத்தான் இருக்கும்.

காத்திருந்தவர் பலர் அங்கேயே வேர் விட்டனர். இரவுப் பணியில் பெட்ரோல் நிலையத்தில் நின்றார்கள். கடைகளில் மூட்டை சுமந்தார்கள். பிறகு தாமே கடை வைத்தார்கள். மேற்குக் குரோய்டனிலிருந்து வடக்கே தார்ன்டன் ஹீத், நார்பரி நோக்கிச் செல்லும் இலண்டன் சாலையில் தமிழ்ப் பலகை மாட்டிய கடைகளைக் காணலாம். முருங்கைக்காய் உண்டு, கருவேப்பிலை உண்டு, உறைந்த மீன் உண்டு, தாலிக்கொடிக்கு நகைக்கடையும் உண்டு. கானாக்காரர், ஜமைக்காக்காரர், குஜராத்தியர், ஆப்கானியர், போலந்துக்காரர் எனப் பக்கத்துக் கடைகள் வேறு வேறு.

ஊருக்கு அண்மைக் காலம் நல்ல காலமாக அமையவில்லை. 2011 ஆகஸ்டு 8 இரவுக் கலகத்தில், 1867 முதல் ஒரே குடும்பம் நடத்திவந்த ரீவ்ஸ் மரச்சாமான் கடையின் கட்டிடம் ஒன்று எரிந்து சாம்பலாயிற்று. 1862ல் தொடங்கிய ஆல்டர்ஸ் பேரங்காடி 2013ல் மூடியது. அந்த இடத்தில் எழும் என்று பல்லாண்டுகளாகச் சொல்லப்பட்ட புது வணிக வளாகம் காகிதத்திலேயே நின்றது. நகராட்சியோ வருவாய் தேடிக் கடன் வாங்கிக் கட்டிடங்களில் முதலீடு செய்தது. வீடு கட்டத் தனிக் கம்பெனி வைத்தது. கடன் 150 கோடி பவுனையும் தாண்டியது. 2020 நவம்பரில் செலவுக்குப் பணமில்லை என்ற சட்டப்படியான அறிவிப்பை வெளியிட்டது, 2022ல் மீண்டும். 2023ல் வீட்டு வரி ஒரே ஆண்டில் நூற்றுக்குப் பதினைந்து ஏறியது. நூலகங்கள் சில மூடப்பட்டன. முடிவு செய்தவர் சிலர், கட்டியவர் ஊரார். ஓட்டலை விலைக்கு வாங்குவதா நகராட்சியின் வேலை என்று ஒரு சாதாரணக் குடும்பத் தலைவி கேட்டிருந்தால் இது நேர்ந்திராது என்று நமக்குத் தோன்றுகிறது. விட்கிப்ட் தம் முதியோர் இல்லத்துக்கு நிலங்களை எழுதி வைத்தார், கடனையல்ல.

ஆயினும் டிராம் ஓடுகிறது. 1951ல் எடுத்துவிட்ட டிராமை 2000ஆம் ஆண்டு மறுபடி கொண்டுவந்து, விம்பிள்டன், நியூ ஆடிங்டன், பெக்கன்ஹாம் ஆகிய இடங்களைக் குரோய்டனோடு பிணைத்தனர். 2016 நவம்பர் 9 விடியலில் சாண்டிலண்ட்ஸ் வளைவில் ஒரு வண்டி வேகம் தணியாமல் கவிழ்ந்து எழுவர் இறந்தனர். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு நினைவுக் கல் நாட்டியிருக்கிறார்கள்.

மாநகர்ப் பட்டத்தை விட்டுவிடுவோம். கில்வார்ட்பி பெற்ற சந்தைச் சாசனத்துக்கு 2026ஆம் ஆண்டோடு 750 வயது நிறைகிறது. இன்றைய சர்ரி தெருச் சந்தையில் ஒரு பவுனுக்கு ஒரு கிண்ணம் என்று பழமும் காயும் குவித்து வைத்துக் கூவுகிறார்கள். கூவுகிறவர் குரலில் எந்த நாட்டு ஓசை இருக்கிறது என்று வாங்குகிறவர் யாரும் நின்று கேட்பதில்லை. தக்காளி நல்லதாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.